பிஸ்கட் டின்னில் வந்த மலைப்பாம்பு

ஒரு திங்கட்கிழமை காலை. சபைகூடல் முடிந்து வகுப்புக்கு வந்து வருகைப் பதிவேட்டை விரித்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பழைய பிஸ்கட் டின் ஒன்றை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு என் மேசையருகே வந்து நின்றான். மூடியில் ஆணியால் குத்திய ஏழெட்டு ஓட்டைகள்.

“என்னப்பா இது?” என்றேன்.

“பாம்பு, டீச்சர். குட்டிதான். ஒன்னும் செய்யாது.”

அடுத்த நிமிடம் வகுப்பு இருந்த கோலத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. பெண் பிள்ளைகள் நாற்காலிகளின் மேல். பையன்களில் பாதிப் பேர் சன்னல் பக்கம், மீதிப் பேர் டின் பக்கம். உங்களிடம் மறைப்பானேன், நானும் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

உள்ளே இருந்தது மலைப்பாம்புக் குட்டி. இரண்டடி நீளம் இருக்கும். மஞ்சளும் பழுப்புமாக வலை பின்னியது போன்ற தோல். அவனுடைய அப்பா செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. வரிசையில் அடுக்கிக் கிடந்த காய்ந்த மட்டைகளுக்கு அடியில் அகப்பட்டதாம். நான்கு நாட்களாக வீட்டில் இருக்கிறது. பெயரும் வைத்தாயிற்று: ராஜா. கோழிக்குஞ்சு ஒன்று கொடுத்துப் பார்த்திருக்கிறான், ராஜா தொடவில்லையாம்.

“இதையெல்லாம் வீட்டில் வைத்திருக்கக் கூடாதப்பா” என்றேன்.

“அப்பா லைசென்ஸ் எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்காரு, டீச்சர். நாய்க்கு எடுக்கிற மாதிரி.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தலைமையாசிரியர் டின்னைக் கயிறு போட்டுக் கட்டி, பொதுத் தற்காப்புப் படைக்குத் தகவல் கொடுத்தார். இரண்டு பேர் கொக்கியும் சாக்குமாக வந்தார்கள். குட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு எடுத்துச் சென்றார்கள். வண்டி வளைவைத் தாண்டி மறையும்வரை பையன் கேட்டருகிலேயே நின்றான். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஓய்வு நேரத்தில் என்னிடம் வந்து, “லைசென்ஸ் இருந்திருந்தா கொண்டு போயிருக்க மாட்டாங்கதானே, டீச்சர்?” என்று கேட்டான்.

பிள்ளை கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவது என் தொழிலுக்கு அழகல்ல. அடுத்த பள்ளி விடுமுறையில் மாநிலத் தலைநகருக்கு வேறொரு வேலையாகப் போனபோது, வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் அலுவலகப் படியேறினேன். பெர்ஹிலித்தான் என்றால் உங்களுக்கு உடனே தெரியும். இளம் அதிகாரி ஒருவர் சலிப்பில்லாமல் விளக்கினார். சட்டப் புத்தகம் ஒன்றையும் வாங்கி வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கைந்து இரவுகள் படித்தேன். படித்ததையும் கேட்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இது பாம்பு வளர்க்க ஆசைப்படும் பையன்களுக்கு மட்டும் உரிய செய்தியல்ல. ஆமை வாங்கிய அண்ணனுக்கும், உடும்பு பிடிக்கும் தாத்தாவுக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில் அந்த நாய் லைசென்ஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். குழப்பம் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது. நாயை முதலில் கொண்டு வருகிறோம். பிறகு நகராண்மைக் கழகத்துக்குப் போய்ப் பணம் கட்டி வில்லை வாங்குகிறோம். குட்டி எந்த ஊரில் பிறந்தது, அதன் தாய் யார் என்றெல்லாம் அங்கே நம்மைக் குடைவதில்லை. வனவிலங்கு லைசென்ஸ் அப்படியல்ல. முதல் கேள்வியே “இது எங்கிருந்து வந்தது?” என்பதுதான். சரியான பதிலும் அதற்குக் காகிதமும் இருந்தால்தான் இரண்டாவது கேள்வி. மட்டைக் குவியலில் பிடித்தேன் என்று சொன்னால், லைசென்ஸ் கேட்கப் போன இடத்திலேயே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அனுமதியில்லாமல் பிடித்ததே தவறு. வைத்திருந்தது அடுத்த தவறு. பிடித்து வைத்துக்கொண்டு பிறகு காகிதம் தேடுவது, தாலி கட்டிய பிறகு பெண் பார்க்கப் போவது போல.

சட்டத்தின் பெயர் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி அமலுக்கு வந்தது. தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும். சபாவுக்கு 1997-இலும் சரவாக்கிற்கு 1998-இலும் இயற்றப்பட்ட தனிச் சட்டங்கள் உள்ளன. அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு முன்பு இருந்தது 1972-ஆம் ஆண்டின் சட்டம். அதன்படி புலியைக் கொன்றவனுக்கே அதிகபட்ச அபராதம் 15,000 வெள்ளிதான். பணக்காரனுக்கு அது ஒரு தொகையா? புதிய சட்டம் வந்தபோது கணக்கு அடியோடு மாறியது.  2010 ஆகஸ்டு மாதம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில், பினாங்கிலிருந்து ஜகார்த்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த வியாபாரி ஒருவரின் பெட்டி சாமான் பட்டையிலேயே பூட்டுத் தெறித்துத் திறந்துகொண்டது. உள்ளே 95 போவா பாம்புகள்! அவர் ஏற்கனவே இதே தொழிலுக்காக அமெரிக்காவில் சிறையிருந்து வந்தவர். கீழ் நீதிமன்றம் ஆறு மாதச் சிறையும் 190,000 வெள்ளி அபராதமும் விதித்தது. உயர் நீதிமன்றம் சிறையை ஐந்தாண்டாக உயர்த்தியது. பிறகு 2012-இல் மேல் முறையீட்டு நீதிமன்றம் அதைக் குறைத்து அவரை விடுவித்தது. அந்தச் செய்தி நாடு முழுவதும் அடிபட்டது. நானும் அப்போது செய்தித்தாளில் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். நம் வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அன்று தோன்றவில்லை.

சட்டத்தின் பின்பகுதியில் நீண்ட நீண்ட அட்டவணைகள் இருக்கின்றன. முதல் அட்டவணையில் இருப்பவை “பாதுகாக்கப்பட்டவை”. இரண்டாம் அட்டவணையில் இருப்பவை “முற்றாகப் பாதுகாக்கப்பட்டவை”. முதல் வகையைப் பிடிக்க, வைத்திருக்க, விற்கத் துறையின் லைசென்ஸ் வேண்டும். இரண்டாம் வகைக்கு அமைச்சர் தரும் சிறப்பு அனுமதி வேண்டும். புலி, யானை, தேவாங்கு போன்றவை அதில் அடக்கம். அதை வீட்டில் செல்லமாக வைத்துக்கொள்ள நமக்குக் கொடுப்பார்கள் என்று கனவுகூடக் காண வேண்டாம்.

நம் தோட்டத்து மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. நாகமும் அங்கேதான். ஆற்றோரத்தில் திரியும் பெரிய உடும்பும் அங்கேதான். தவளைகளையும் சட்டம் விட்டுவைக்கவில்லை, சில இனங்களின் பெயர்கள் உண்டு.

2010-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டபோது, பாதுகாக்கப்பட்ட பிராணி ஒன்றை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 50,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டாண்டுவரை சிறை, அல்லது இரண்டும் என்றிருந்தது. 2022-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தண்டனைகளை இன்னும் உயர்த்திவிட்டது. மிகக் கடுமையான குற்றங்களுக்கு 10 லட்சம் வெள்ளியும் 15 ஆண்டுச் சிறையும் உச்சவரம்பு. விற்பனைக்கு இருக்கிறது என்று கைப்பேசியில் படம் போட்டு விளம்பரம் செய்வதையும் அந்தத் திருத்தம் குற்றத்துக்குள் கொண்டு வந்தது. “நான் விற்கவே இல்லை, சும்மா படம்தான் போட்டேன்” என்ற பேச்சு இனி எடுபடாது.

சட்டம் கடுமையாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. என் குறை வேறு. இந்தப் புத்தகம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஆனால் பிராணியை விற்க வருகிற தகவலோ நம் பிள்ளைகளின் உள்ளங்கைக்கே, நம் பேச்சுத் தமிழிலேயே வந்து சேருகிறது. சட்டம் வருவதற்குள் ஆமை வந்துவிடுகிறது.

ஆமை என்று சொன்னதும் அந்தத் தாயின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

அவர் எங்கள் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். மகன் என்னிடம் படித்தவன். கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நல்ல பையன். வகுப்பில் மீன் தொட்டியைக் கழுவும் முறை யாருக்கு வந்தாலும் இவன்தான் கழுவுவான். வளர்ந்து பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். கூட வேலை செய்தவர்கள், வீட்டில் ஆமை வைத்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். கைப்பேசி வழியாக யாரோ ஒருவரிடம் மூன்று நட்சத்திர ஆமைகள் வாங்கினான். பஸ் நிலையத்தில் கைமாறிற்று. ஓட்டின் மேல் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும், பார்க்க அழகுதான். ரசீது கேட்டானா? இல்லை. லைசென்ஸ் கேட்டானா? இல்லை. விற்றவன், “இது சின்ன ஆமை தம்பி, இதுக்கெல்லாம் லைசென்ஸ் எதுக்கு?” என்றானாம்.

நட்சத்திர ஆமை இந்த நாட்டுப் பிராணியே அல்ல. தமிழ்நாடு, ஆந்திரம், வடமேற்கு இந்தியா, இலங்கை ஆகிய இடங்களின் முள்காடுகளிலும் புல்வெளிகளிலும் வாழ்வது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த மண்ணிலிருந்து இன்று இந்த ஆமைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடைத்துக் கடத்துகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது அடிக்கடி வரும் செய்தி. இந்தியாவில் அதைக் காட்டிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தம் ஒன்று 1973-இல் வாஷிங்டனில் உருவாயிற்று. மலேசியா 1977-இல் அதில் இணைந்தது. 2019-இல் அந்த ஒப்பந்தக்காரர்கள் கூடி நட்சத்திர ஆமையை முதலாம் பட்டியலுக்கு உயர்த்தினார்கள். காட்டில் பிடித்ததை வியாபாரத்துக்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டு போக முடியாது என்பது அதன் பொருள்.

அந்த ஒப்பந்தத்தை இங்கே நடைமுறைப்படுத்துவது 2008-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டு வந்த பிராணியை வைத்திருந்தாலே குற்றம். கொண்டு வந்தவர் நீங்களாக இருக்க வேண்டியதில்லை. தனி மனிதருக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பிராணி ஒன்றுக்கு 100,000 வெள்ளிவரை, மொத்தத்தில் 10 லட்சத்துக்கு மேற்படாமல், அல்லது ஏழாண்டுவரை சிறை, அல்லது இரண்டும். ஒன்றுக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்று ஆமை என்றால் மூன்று மடங்கு.

விற்றவன் சில மாதம் கழித்து வேறொரு வழக்கில் பிடிபட்டான். அவனுடைய கைப்பேசியில் வாங்கியவர்களின் பெயர்கள் எல்லாம் இருந்தன. அதிகாரிகள் பையனின் வாடகை அறைக்கு வந்தார்கள். ஆமைகள் ஒரு பிளாஸ்டிக் கூடையில் சாவி (கோபீசு) இலையைத் தின்றுகொண்டிருந்தன. அவன் ஒளிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நீதிமன்றம் விதித்த அபராதம் சட்டம் சொல்லும் உச்சத்துக்கு அருகில்கூட இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அது மலை. தாயார் 55 வயதில் எடுத்த ஊழியர் சேமநிதிப் பணம், மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்காக வங்கியில் கிடந்தது. அதிலிருந்து எடுத்துக் கட்டினார்கள். வழக்குக்காக எடுத்த விடுப்புகளால் பையனின் வேலையும் போயிற்று.

நான் பார்க்கப் போனபோது அந்த அம்மா காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்வாங்க டீச்சர். எங்க வீட்டுக்கு ரெண்டும் ஒன்னா வந்திருச்சு.” சற்று நேரம் கழித்து, “ஆமை வாங்குறது குத்தம்னு எங்களுக்கு யாருமே சொல்லலியே” என்றார். நான் காப்பியைக் குடித்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஆறு வருடம் அந்தப் பையனுக்கு அறிவியல் பாடம் நடத்தியவள் நான்தானே.

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் 2017 மே மாதம் மடகாஸ்கரிலிருந்து வந்த பெட்டிகளில் 330 ஆமைகளைச் சுங்கத் துறையினர் கைப்பற்றினார்கள். பெட்டியின் மேல் கற்கள் என்று எழுதியிருந்ததாம். அவ்வளவு பெரிய சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் பஸ் நிலையத்தில் ஆமை வாங்கும் நம் பையன். சங்கிலியின் தலைப்பக்கம் இருப்பவர் வக்கீல் வைத்துக்கொள்வார். கடைசிக் கண்ணிக்குச் சேமநிதிதான் வக்கீல்.

சரி, வளர்க்கவே முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். துறையின் வியாபார லைசென்ஸ் பெற்ற கடைகள் பட்டணங்களில் இருக்கின்றன. கடைக்குள் நுழைந்ததும் பிராணியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த லைசென்ஸைப் பாருங்கள். ரசீதில் இனத்தின் பெயர், எண்ணிக்கை, கடையின் லைசென்ஸ் எண் எல்லாம் இருக்கட்டும். அட்டவணையில் உள்ள இனமென்றால், அதை வைத்திருக்க உங்கள் பெயரில் லைசென்ஸ் வேண்டும். இதைப் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு பணத்தை எடுங்கள். லைசென்ஸ் உங்கள் பேருக்குத்தான். சித்தப்பா மகனுக்குப் பாம்பைத் தூக்கிக் கொடுத்தால் லைசென்ஸும் கூடவே போய்விடாது. அதிலுள்ள கெடுவையும் பார்த்து வையுங்கள், ரோட் டேக்ஸ் போல அதுவும் முடியும்.

மலைப்பாம்பு இனங்கள் அனைத்துமே அந்த அனைத்துலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. ஆப்பிரிக்கப் பாம்பு, இங்கே பட்டியலில் இருக்காது என்று கடைக்காரன் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

காகிதம் கிடைத்துவிட்டால் போதுமா? ராஜா இரண்டடி இருந்தான். அவன் இனம் உலகிலேயே மிக நீளமான பாம்பு இனம். 2016 ஏப்ரலில் பினாங்கு, பாயா தெருபோங்கில் கட்டுமான இடத்தில் பிடிபட்டது 8 மீட்டர் என்று சொன்னார்கள். முறைப்படி அளப்பதற்குள் இறந்துவிட்டது. 1995 செப்டம்பரில் ஜொகூரில் 29 வயது பால்மரத் தொழிலாளி ஒருவரை ஏறத்தாழ 7 மீட்டர் மலைப்பாம்பு சுற்றிக் கொன்றது. பாம்பின் வாயில் தலை அகப்பட்டிருந்த நிலையில் உடன்பிறந்தவர்தான் கண்டார். போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அது காட்டுப் பாம்பு. ஆனால் லயத்து வீட்டு அடுப்படியில், கம்பிவலை போட்ட பழைய அலமாரியில், ஆறேழு வருடம் கழித்து எது படுத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்து அறையில் கைக்குழந்தையும் தூங்கும்.

இடவசதி, தீனி, மருத்துவம் இல்லாமல் அடைத்து வைப்பதற்கும் சட்டம் உண்டு. 2015-ஆம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டப்படி கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளிவரை அபராதம், அல்லது மூன்றாண்டுவரை சிறை, அல்லது இரண்டும். பாம்புக்கு வலிக்குமா என்று கேட்கும் ஆளைச் சட்டம் கேட்காது.

காதோரம் சிவப்புப் பட்டை உள்ள குட்டி ஆமைகளைப் பசார் மாலாமில் வாங்கித் தராத பெற்றோர் குறைவு. நானும் என் மகளுக்கு வாங்கித் தந்திருக்கிறேன். கையகலம் இருக்கும் அது 30 சென்டிமீட்டர்வரை வளரும், இருபது வருடத்துக்கு மேலும் வாழும். அதன் மேல் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். அதைத் தொட்ட கையை வாயில் வைத்த குழந்தைகள் ஏராளமாக நோயுற்றதால்தான், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைக் குட்டிகளின் விற்பனையை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது. பெரிதாகிவிட்டதே என்று கோயில் குளத்திலோ தோட்டத்து அலூரிலோ விடுவதும் புண்ணியமல்ல. நம் ஆற்று ஆமைகளின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் துறையினரைக் கேளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவினர்களுக்குக் கணக்கு சுருக்கம். அங்கே ஊர்வனவற்றில் இந்தச் சிவப்புக் காது ஆமையும் மலாயாப் பெட்டி ஆமையும்தான் வளர்க்க அனுமதிக்கப்பட்டவை. தவளையில் பச்சை மரத்தவளை. பாம்பு, பல்லி, ஓணான், உடும்பு எதுவும் கூடாது. ஜொகூர் பாருவில் கடையில் விற்கிறதே என்று வாங்கிப் பாலம் கடந்து கொண்டு போகக் கூடாது.

இனி நம் தோட்டப்புறத்துப் பழைய பழக்கம் ஒன்று. உடும்புக்கறி. மறைக்க என்ன இருக்கிறது? என் சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லயத்திலும் வாசம் வந்ததுண்டு. முதுகுவலிக்கு உடும்பு எண்ணெய் என்று போத்தலில் வைத்திருப்பார் பெரியப்பா. இன்று அந்தப் பெரிய உடும்பு முதல் அட்டவணைப் பிராணி. லைசென்ஸ் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் மேலே சொன்ன அதே பிரிவில் வரும். மரமேறும் உடும்பில் ஓரினம் அனைத்துலக ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலிலேயே இருக்கிறது. சமையலுக்குப் பிடித்தேன், வளர்க்கப் பிடிக்கவில்லை என்று சொல்வதால் குற்றம் குறையாது. பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்லும்போது, “எங்க காலத்துல யாரு கேட்டா?” என்பார்கள். கேட்கவில்லைதான். இப்போது கேட்கிறார்கள்.

டோக்கே பல்லி கலகம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2010, 2011 வாக்கில் நாடெங்கும் ஒரே பேச்சு. 400 கிராமுக்கு மேல் எடையுள்ள டோக்கே அகப்பட்டால் ஆயிரக்கணக்கில் வெள்ளி, எய்ட்ஸ் நோய்க்கு அதில் மருந்து இருக்கிறது என்று. மாலை ஆனால் எங்கள் பிள்ளைகள் டார்ச் விளக்கோடு பழைய புகைக்கொட்டகை, ஆலமரம் என்று அலைந்தார்கள். பிடித்த பல்லிக்கு எடை ஏற்றுவதற்காக வாயைத் திறந்து இரை திணித்ததையும் பார்த்தேன். காலையில் வகுப்பில் தூங்கி விழுவார்கள். கடைசிவரை எங்கள் தோட்டத்துக்கு எந்தக் கோடீஸ்வரனும் வாங்க வரவில்லை. எய்ட்ஸுக்கோ ஆஸ்துமாவுக்கோ அந்தப் பல்லி மருந்து என்பதற்கு ஆதாரமே இல்லை. 2011-இல் பிலிப்பீன்ஸ் அரசாங்கம் இதை நம்ப வேண்டாமென்று பகிரங்கமாக எச்சரித்தது. 2019-இல் டோக்கேயும் அனைத்துலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஏறிவிட்டது. இப்படியொரு பேச்சு மறுபடி எழும். அடுத்த முறை தேரையாக இருக்கலாம், தேளாக இருக்கலாம்.

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்பது வேறு விஷயம். அதற்கு லைசென்ஸ் யாரும் கேட்கப் போவதில்லை. கதவைச் சாத்திப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு 999-க்கு அழையுங்கள். தீயணைப்புப் படையினரோ பொதுத் தற்காப்புப் படையினரோ வந்து பிடிப்பார்கள். வீரம் காட்டிப் பிடித்து, டின்னில் போட்டு, கடைத்தெருவில் வேடிக்கை காட்டி, அப்படியே வைத்துக்கொள்ளும்போதுதான் வம்பு. ஒன்று சொல்கிறேன்: செம்பனைத் தோட்டத்தில் எலித் தொல்லை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அந்த எலியைத் தின்பதுதான் பாம்பின் அன்றாட வேலை. சம்பளம் கேட்காத வேலையாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். லைசென்ஸ் இருந்திருந்தால் கொண்டு போயிருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் மட்டைக்கடியில் பிடித்த ராஜாவுக்கு அந்த லைசென்ஸ் கிடைத்திருக்காது என்று சொன்னேன். முகம் வாடியது. உன் அப்பாவுக்கு அபராதம் விதித்திருக்கலாம் என்றும் சொன்னேன். அது அவன் மனதில் ஏறியது. “எவ்வளவு டீச்சர்?” என்றான். சொன்னேன். அப்பா எத்தனை குலை வெட்ட வேண்டும் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டான்.

ராஜாவைக் குடியிருப்புகளுக்குத் தூரமான காட்டில் விட்டிருப்பார்கள் என்று அவன் நம்புகிறான். நானும் அப்படியே நம்புகிறேன்.

அவன் அப்பா ஒருநாள் மாலை சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். “டீச்சர், அந்த லைசென்ஸ் விசயம் எனக்கும் கொஞ்சம் எழுதிக் குடுங்க. எங்க வரிசையில நாலு பேரு கேக்குறாங்க” என்றார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இந்தக் கட்டுரை அந்தத் தாளிலிருந்து வளர்ந்ததுதான்.

சென்ற வாரம் அதே பையன் ஒரு ஜாம் போத்தலோடு வந்து நின்றான். இந்த முறை மூடியில் ஓட்டை இல்லை, மூடியே இல்லை. பள்ளிக்குப் பின்னால் ஓடும் அலூரில் அள்ளிய தண்ணீரில் கருப்பாகப் பத்துப் பன்னிரண்டு தலைப்பிரட்டைகள்.

“இது வளர்ந்தா என்ன தவளைன்னு தெரியல டீச்சர். லைசென்ஸ் வேணுமான்னு பாத்துச் சொல்றீங்களா? அதுவரைக்கும் நான் தொட மாட்டேன்.”

போத்தலைச் சன்னலோரம் வைக்கச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.